மிதிச்சது நீங்களா, நானா?

நம் பயிற்சிக் காரில் இடது பக்கச் சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், நம் டிரைவிங் ஸ்கூலில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் தங்கச்சிக்கும் அதை ஏற்கெனவே காட்டியிருப்பார்கள். ஆபத்து வந்தால் மிதி என்றும் சொல்லியிருப்பார்கள். அது சரிதான். ஆனால் எப்போது மிதிக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சீட்டில் இத்தனை வருடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இதையெல்லாம் உங்கள் முன்னால் நின்று பேசத்தான் முதலாளி கூப்பிட்டார். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் நிதானமாக எழுதினால் வரும்.

உங்களிடம் சான்றிதழ்கள் இருக்கின்றன. என்னிடம் இருந்தது கூச்சம். பெண்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. இடது பக்கக் கண்ணாடி வழியாகச் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டே "கொஞ்சம் ரைட்டு, இப்ப ரெண்டாவது கியர்" என்பேன். இது ஒரு குறை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம் ஒன்று புரிந்தது. ஓட்டும் பெண்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் சாலையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறார்கள். சரியாகச் செய்கிறோமா, திட்டப் போகிறாரா என்று. என் முகம் எப்போதும் ஜன்னல் பக்கம் இருந்ததால் அதில் படிக்க ஒன்றுமில்லை. வேறு வழியில்லாமல் சாலையைப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் ஆண்கள் "கிளட்ச் சரியில்லண்ணே" என்பார்கள். பெண்கள் "மன்னிச்சிக்கிடுங்கண்ணே" என்பார்கள். வண்டி ஒன்றுதான், நின்ற காரணமும் ஒன்றுதான்.

செல்வி என்று ஒரு அம்மா வந்தார். நாற்பது தாண்டியவர். வீடு மேலகரத்தில். அவர் மன்னிப்புக் கேட்காத ஆள் கிடையாது. என்னிடம் கேட்பார், பின்னால் ஹாரன் அடிப்பவனிடம் கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். ஒருநாள் குறுக்கே வந்த ஆட்டிடம்கூடக் கேட்டார்.

அவருடைய கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். வீட்டில் கார் இருந்தது. கணவர் லீவில் வந்தால் ஓடும், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் உறை போட்டுத் தூங்கும். பேட்டரி இறங்காமலிருக்க மாமனார் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கொஞ்சநேரம் உறுமவிட்டு அணைப்பார். செல்வியின் அம்மா புளியறையில் தனியாக இருந்தார். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து ஊன்றுகோலோடு நடப்பவர். அவரைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஆக்டிங் டிரைவர் கிடைக்க வேண்டும், மாமனாருக்கு மனசு வர வேண்டும், அன்றைக்கு வீட்டில் வேறு வேலை இருக்கக் கூடாது. மூன்றும் ஒன்றாகச் சேருகிற நாள் மாதத்தில் ஒன்று வந்தால் பெரிது.

முதல்நாள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவுக அடுத்த லீவுக்கு வருதாகண்ணே. அதுக்குள்ள லைசென்ஸ் இருந்தா பாப்போம், இல்லன்னா வண்டிய தம்பிக்குக் குடுத்துருவேன், துருப்பிடிக்கவா வாங்கிப் போட்டேன்னு சொல்லுதாக. வண்டி போச்சுன்னா எங்கம்மாவ நான் நெனச்சப்போ பாக்கவே முடியாது."

கணவர் சம்மதித்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் மாமனாரும் கூடப் போக வேண்டும். அவர் அரிசி மண்டி வைத்திருந்த மனிதர். மூட்டை தூக்குபவர்களுக்குத் தெருமுனைவரை கேட்கும்படி சத்தம் போட்டே பழகிய தொண்டை. அந்தத் தொண்டை பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

"ஏட்டி, நாய் நிக்கு! நாயி!"

"அது அந்தப் பக்கம்லா நிக்கு, மாமா."

"இந்தப் பக்கம் வராதுன்னு உங்கிட்ட எழுதிக் குடுத்துச்சா? நிப்பாட்டு!"

நிறுத்துவார். இன்ஜின் அணையும். மன்னிப்புக் கேட்பார். மறுபடி ஸ்டார்ட் செய்தால், "எதுத்தாப்ல பஸ் வருது, நிப்பாட்டு!" பஸ் தன் பாட்டுக்குத் தன் பாதையில் போகும். அதன் டிரைவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போவார்.

தென்காசிக்குள் ஒரு திருப்பத்தில், தள்ளுவண்டி ஒன்று திடீரென்று நகர்ந்து வந்தபோது செல்வி அழகாக நிறுத்தினார். குலுங்கவில்லை, அணையவில்லை. நல்ல டிரைவர் நிறுத்துகிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மிதிச்சது நீங்களா, நானா?"

இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழும். நம் பக்கத்துப் பிரேக்கை மிதித்தால் ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். அதனால் அவர்களுக்குச் சந்தேகம் வரும். என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் பெண்கள்தான். நான் மிதித்து நிறுத்திய வண்டியிலிருந்து, தான் நிறுத்தியதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டு இறங்கிப் போன ஆண்கள் உண்டு.

"நீங்கதாம்மா மிதிச்சீங்க."

"சும்மா சொல்லாதிய, அண்ணே."

அவர் நம்பவில்லை. நல்லபடியாக நடந்தால் அது யாரோ செய்தது, தப்பாகப் போனால் தான் செய்தது. இந்தக் கணக்கை யாரிடமோ சின்ன வயதிலேயே படித்துக்கொண்டு வந்திருந்தார். ஸ்டியரிங் பிடிக்கப் பத்து நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தக் கணக்கை மாற்றுவதுதான் பாடு.

எனக்குத் தொழில் பழக்கிய வாத்தியார் ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் கோபப்படுவார். "பொம்பளையாளு ஓட்டும்போது நம்ம காலு நம்மளக் கேக்காமலே முந்திக்கிடும்லே, அதக் கவனிச்சுக்கோ" என்று அவர் சொல்லியிருந்தார். செல்வி அப்படிக் கேட்ட நாளுக்குப் பிறகு என் காலைக் கவனித்தேன். அவர் சொன்னது உண்மை. ஒரே சந்து, ஒரே வேகம், ஆண் ஓட்டினால் என் கால் தரையில் இருந்தது, செல்வி ஓட்டினால் பிரேக் மேல் இருந்தது.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலைப் பிரேக்குக்கு மேலே, தொடாமல் பிடித்துக்கொள்வேன். கட்டாயம் வந்தால்தான் மிதிப்பேன். மிதித்தால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். சாலை பிரிகிற இலஞ்சி விலக்கில் பைக்கில் ஒருவன் பாய்ந்து வந்தபோது மிதித்தேன். "இது நான்" என்றேன். மறுநாள் ஒரு பள்ளத்தில் அவரே நிறுத்தினார். "இது நீங்க" என்றேன். நான் மிதித்ததை மறைக்கவில்லை என்பதால், மிதிக்கவில்லை என்று சொன்னபோது கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தார். "நல்லா ஓட்டுதிய, நல்லா ஓட்டுதிய" என்று ஊக்கம் கொடுப்பதெல்லாம் இதற்கு உதவாது. அவருக்கு வேண்டியது பாராட்டு இல்லை. யார் மிதித்தது என்ற நிஜம்.

ஆனால் பின்சீட்டை என்ன செய்வது? மாமனார் ஒருமுறை "நிப்பாட்டு" என்றால் ஒரு வாரப் பாடம் காணாமல் போகும். முதலாளியிடம் சொன்னேன். "நாளையிலேருந்து வரக்கூடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லும். கூச்சமா இருந்தா நான் சொல்லுதேன்" என்றார். இதைச் சொன்னதும் செல்வி பதறிவிட்டார். "ஐயோ வேண்டாம்ணே. மாமா வரலன்னா நானும் வர முடியாது. அவுகளுக்குப் போன் போயிரும்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பெரியவரை இறக்கிவிட்டால் நமக்கு நிம்மதி, அந்த அம்மாவுக்குப் பாடமே நின்றுபோகும். நியாயம் பேசுகிறோம் என்று அவர் உட்கார்ந்திருக்கும் கிளையை நாம் வெட்டக் கூடாது.

அந்த இரவு நான் பெரியவரைப் பற்றியே யோசித்தேன். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. மருமகள் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொள்வார். குடை கொண்டுவருவார். பயம்தான் அவரிடம் அதிகம். அந்தப் பயத்துக்கு வேலை இல்லாததால்தான் வாயில் வருகிறது என்று தோன்றியது.

மறுநாள் வண்டியில் ஏறியதும் சாலையோரத்தைப் பார்த்தபடி சொன்னேன். "அண்ணாச்சி, ஒரு உதவி செய்யணும். செல்வியம்மாவுக்குக் கண்ணாடி பாத்து ஓட்டுதது இன்னும் முழுசாப் பிடிபடல. நான் முன்னால பாத்தாகணும். பின்னால என்ன வருதுன்னு நீங்க பாத்துச் சொன்னா தேவல."

"பின்னாலயா?"

"பின்னால மட்டும்."

"அத நான் பாத்துக்கிடுதேன்" என்று சீட்டில் அப்படியே பக்கவாட்டில் திரும்பி, பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அன்றைய பயணம் இப்படிப் போனது: "பால் வண்டி வருது. தூரத்துலதான் வருதான். பின்னால ரெண்டு சைக்கிள். அது நம்ம பூக்கடைக்காரன் மவன், ஹெல்மெட் போடாம வாரான், இருக்கட்டும், அவங்கப்பன்ட்ட சொல்லுதேன். பஸ்ஸு வருது, ஹாரன் அடிப்பான், அடிச்சா அடிக்கட்டும், நீ போ."

நீ போ என்று அவர் வாயிலிருந்து வந்ததை செல்வி கேட்டார். நானும் கேட்டேன். அன்று இன்ஜின் ஒருமுறைகூட அணையவில்லை.

செங்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். செல்வி வண்டியிலேயே இருந்தார். பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "தம்பி, முன்னால பாத்தாதான் எனக்கு நெஞ்சு அடிக்கும். பின்னால பாக்கையில ஒண்ணும் செய்யல." அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "எளவட்டத்துல நானும் பழகப் போனேன். மண்டி லாரிய எடுத்து மண்டிச் சுவத்துலயே கொண்டு சாத்தினேன். அதோட சரி. ஷெட்டுல ஸ்டார்ட் பண்ணுவேன், வெளிய எடுக்கத் தெரியாது. எனக்கே வராதது இவளுக்கு எங்க வரப்போவுதுன்னு..."

முடிக்கவில்லை. மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தார். தனக்கு வராதது வீட்டுப் பெண்ணுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. வராது என்று உண்மையாகவே நம்பிப் பயப்படுகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சத்தம்தான் போடும். முதல் வகையோடு சண்டை போடலாம். இரண்டாவது வகைக்குக் கையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்.

கற்றுத் தேறுகிறவர்களைக் கடைசியில் நான் புளியறை செக்போஸ்ட் தாண்டி எஸ் வளைவு ஏற்றத்துக்குக் கூட்டிப்போவது உங்களுக்குத் தெரியும். அங்கே நின்று கிளப்பத் தெரிந்துவிட்டால் எங்கேயும் ஓட்டலாம். செல்வியை அழைத்துப் போன அன்று சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாலை நனைந்து கிடந்தது. ஏறும்போதே எதிரே இறங்கிய லாரி வளைவில் அகலமாக எடுத்து எங்கள் பாதிப் பாதையையும் பிடித்துக்கொண்டு வந்தது. செல்வி ஏற்றத்தில் நிறுத்தினார். லாரி உரசாமல் போய்விட்டது. அதற்குள் எங்களுக்குப் பின்னால் கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

செல்வி கிளப்பினார். இன்ஜின் அணைந்தது. வண்டி பின்னால் சறுக்கியது.

என் கால் பிரேக்குக்கு மேலே இருந்தது. மிதித்தால் வண்டி நிற்கும். ஆனால் அந்தச் சறுக்கலில் பிரேக் தானாக இறங்குவது அவர் காலில் தெரியும். இத்தனை நாள் கட்டியது அந்த ஒரு மிதியில் இடிந்துவிடும். மிதிக்காமல் இருந்து, பின்னால் இருப்பது லாரியின் மூக்கு என்றால் மூன்று உயிர். எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, பின்னால இடம் எவ்வளவு?"

"ரெண்டு வண்டி நிக்கலாம் தம்பி. தள்ளித்தான் நிக்குதான்."

நான் மிதிக்கவில்லை. அந்தக் கணத்தில் வண்டி நின்றது. செல்வியின் கால் அவருடைய பிரேக்கில் அழுந்தியிருந்தது. கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். மூச்சு விட்டார். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஸ்டார்ட் செய்தார். கிளட்சை மெல்ல விட, வண்டி ஒரு முறை நடுங்கி முன்பக்கம் தூக்கியது.

பின்சீட்டிலிருந்து மண்டித் தொண்டை வந்தது. "இடம் இருக்குட்டி! அவன் அடிக்கட்டும் ஹாரன! நீ போ, போ, போ!"

போனார்.

மேலே சமமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்தினார். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். பதிலைக்கூட வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "திரும்புதப்ப எங்கம்மா வீட்டுல ஒரு எட்டு நிப்பாட்டட்டுமா?" என்றார். மாமனாரிடம் அனுமதி கேட்பதாக நினைத்து நான் பின்னால் பார்த்தேன். அவர் கேட்டது என்னிடம், எனக்கு நேரம் இருக்கிறதா என்று. பெரியவர் அப்போதும் பின்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேறினார். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. கணவர் வந்தார் என்று கேள்விப்பட்டேன். கார் என்ன ஆயிற்று என்று போய் விசாரிக்க எனக்குக் கூச்சம். ஒருநாள் பெரியவரே நம் ஸ்கூலுக்கு வந்தார், நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தோடு. நடந்ததைச் சொன்னார்.

மகன் வீட்டில் உட்கார்ந்து, "லைசென்ஸ் வாங்கிட்டா சரிப்பா. குத்தால சீசன் நேரம், ரோடு பூரா வண்டி. எத நம்பி இவகிட்ட குடுக்க?" என்றானாம்.

"ஏலே, புளியறை ஏத்தத்துல பின்னால லாரிய வச்சுக்கிட்டு நின்னு எடுத்தவ அவ. நீ எடுப்பியா?"

"நீங்க பாத்தியளா?"

"பின்னால நான் பாத்தேன்."

"முன்னால?"

"முன்னால அவ பாத்தா."

கார் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. "கீறல் விழாமப் பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மகன் விமானம் ஏறினானாம். "அவன் போன மறுநாளே வீட்டு கேட்டுல உரசி ஒரு கீறு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அவன்ட்ட சொல்லிறாதிய தம்பி. நான் ஷெட்டுல உறைய எடுக்கும்போது விழுந்ததுன்னு சொல்லியிருக்கேன்."

தம்பிகளே, அப்புறம் எனக்கு முட்டி போனது. காலை அந்தரத்திலேயே பிடித்துப் பிடித்துப் போன முட்டி என்று டாக்டரிடம் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். தங்கச்சிக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நீ மிதித்து நிறுத்தியதை உன் பக்கத்தில் ஓட்டும் ஆண்கள் தாங்கள் மிதித்ததாகச் சாதிப்பார்கள். "இது நான்" என்று சத்தமாகச் சொல்லிவிடு. அவர்களுக்கும் அந்த நிஜம் வேண்டும்.

இந்த சீசனில் ஒருநாள் மேலகரம் பஸ் ஸ்டாப்பில் குற்றாலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. செல்வி. பின்சீட்டில் ஊன்றுகோலை மடியில் வைத்தபடி அவருடைய அம்மா. பக்கத்தில் மாமனார். அவர் இன்னும் பின்பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏறுங்கண்ணே. அருவிக்குத்தான் போறோம். அம்மா அருவியில குளிச்சு வருசக்கணக்காச்சு."

இடது பக்கச் சீட்டில் ஏறினேன். குற்றாலம் நெருங்க நெருங்கக் கூட்டம். ஐந்தருவிக்குத் திரும்பும் இடத்தில் எண்ணெய் தேய்த்த உடம்போடு ஒரு ஆள், துண்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு குறுக்கே ஓடினான். செல்வி நிறுத்தினார். எண்ணெய்க்காரன் கும்பிடு போட்டுவிட்டு ஓடினான்.

என் வலது கால் தரைவிரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அது வீட்டுக் கார். அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. செல்வி என் காலைப் பார்த்துவிட்டார்.

"மிதிச்சது நீங்களா, நானா?"

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதாம்மா" என்றேன்.

"தெரியும்" என்றார்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "பேச்சென்ன பேச்சு? பின்னால வேன் வந்து நிக்குதான். இடம் இருக்கு, நீ போ!"